துவர்ப்புக்குத் துணை

கிழக்குக் கரையின் சுவைகள் – 17

வாழைச்சேனையைத் தாண்டித் திருகோணமலை வீதியில் வடக்கே போனால், மாங்கேணி மணலில் கஜு மரங்கள் நிற்கும். பங்குனி, சித்திரையில் சிவப்பும் மஞ்சளுமாகப் பழம் உதிரும். கொட்டையைத் திருகி எடுத்தபின் பெரும்பாலான பழங்கள் மரத்தடியிலேயே அழுகிப்போகின்றன. பறித்த பழம் ஓரிரு நாள் தாங்காது என்பது ஒரு காரணம். மற்றது அதன் துவர்ப்பு. சென்ற வாரம் கள்ளைப் பற்றிப் பேசினோம். இந்த வாரம் துவர்ப்பைப் பற்றி. இத்தாலியின் பேர்பெற்ற சிவப்பு வைனான கியாந்தி எழும்பி நிற்பதும் இதே துவர்ப்பில்தான்.

கஜுப்பழத்தைக் கடித்தால் முதலில் இனிப்பான சாறு வாய் நிறைய வரும். அடுத்த கணம் நாக்கு வறண்டு, அண்ணத்தில் ஒட்டிப் பிடிக்கும், தொண்டை கரகரக்கும். பழத்திலுள்ள தனின், உமிழ்நீரின் வழுவழுப்புக்குக் காரணமான புரதங்களைப் பற்றித் திரளச் செய்வதால் வரும் வறட்சி இது. பிள்ளைகள் பழத்தை வெட்டி உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்பது சும்மா இல்லை. உப்புப் பட்டதும் துவர்ப்பின் கடுமை தணிகிறது.

கியாந்தி டஸ்கனி மாநிலத்து வைன். சாஞ்சோவேசே என்ற கறுப்புத் திராட்சையே அதற்கு உயிர். சாற்றைத் தோலோடும் விதையோடும் ஊறவிட்டு நொதிக்க வைப்பதால் நிறமும் தனினும் அதில் இறங்குகின்றன. எந்த ஊர்களின் வைனுக்கு அந்தப் பெயர் உரியது என்று 1716இலேயே டஸ்கனியை ஆண்ட மூன்றாம் கோசிமோ ஆணை பிறப்பித்து எல்லை வகுத்தார். அந்தப் பழைய எல்லையை ஒட்டிய கியாந்தி கிளாசிக்கோவில் இன்று குறைந்தது 80 சதவீதம் சாஞ்சோவேசே இருக்க வேண்டும்.

புளிப்பும் துவர்ப்பும் மிகுந்த இந்த வைனைத் தனியே குடித்தால் வாய் சுருங்கும். புளோரன்ஸ் நகரத்தார் அதைத் தடித்த மாட்டிறைச்சித் துண்டோடு வைக்கிறார்கள். உப்பிட்டுக் கனலில் வாட்டி, உள்ளே சிவப்பு மாறாமல் எடுத்த இறைச்சி. அதன் புரதத்தையும் கொழுப்பையும் தனின் பற்றிக்கொள்வதால் உமிழ்நீர் தப்புகிறது, வைன் மென்மையாகிறது. வைனின் புளிப்போ கொழுப்பைக் கழுவி, அடுத்த வாய்க்கு நாக்கைத் தயார்படுத்துகிறது. ஆட்டுப்பால் சீஸுக்கும் காட்டுப்பன்றிக் குழம்புக்கும் இதே கணக்குத்தான்.

மீனுக்கு ஆகுமா என்று களப்போரத்தில் இருப்பவர்கள் கேட்பது நியாயம். வைனில் கரைந்துள்ள இரும்பு கூடினால் கடலுணவோடு சேர்ந்து கவுச்சி வாடை எழுவதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் காட்டினார்கள். ஆகவே அவித்த இறாலுக்கும் தேங்காய்ப்பால் சொதிக்கும் கியாந்தி வேண்டாம். ஆனால் லிவோர்னோ துறைமுகத்து மக்கள் கணவாயையும் பல வகை மீனையும் தக்காளி, உள்ளி, மிளகாயோடு சிவப்பு வைன் விட்டுக் காய்ச்சும் கச்சுக்கோ என்ற குழம்புக்குச் சிவப்பு வைனையே குடிக்கிறார்கள். தக்காளியின் புளிப்பு இரண்டையும் இணைக்கிறது.

நம் அடுக்களையில் கியாந்திக்கு முதல் துணை ஆட்டிறைச்சிப் பிரட்டல். மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகைக் கூட்டுங்கள். மிளகாயின் எரிவை மதுசாரம் மேலும் கிளப்பிவிடும். பொரித்த கத்தரிக்காய்க் கறியும் தக்காளி தூக்கலாகப் பிரட்டிய கணவாயும் பொருந்தும். கட்டிப்பாலில் வற்றவிட்ட கஜுக் கறியின் கொழுப்பும் துவர்ப்பை நன்றாகத் தாங்கும். நம் வெக்கைக்கு, குடிப்பதற்கு அரை மணி நேரம் முன்பே போத்தலைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். சாப்பாட்டோடு ஒரு கிளாஸ் போதும்.

இத்தாலியர் துவர்ப்பைக் குறையாக எண்ணித் திராட்சையை எறியவில்லை. அதற்கேற்ற உணவைத் தேடி வைத்தார்கள். கோவாவில் கஜுப்பழச் சாற்றைப் புளிக்கவைத்து வடிக்கும் ஃபெனி 2009இல் புவிசார் குறியீடு பெற்றது. மாங்கேணிப் பழத்துக்கு வடிசாலைகூட வேண்டாம். பிழிந்த சாற்றில் ஆறிய அரிசிக் கஞ்சியைக் கலந்து வைத்தால் தனின் அடியில் படியும். மேலே தெளிந்த சாற்றை வடித்துக் குடிக்கலாம். தோடம்பழத்தைவிடப் பல மடங்கு விற்றமின் சி உள்ள சாறு அது. வரும் பங்குனியில் கொட்டையோடு பழத்தையும் கூடையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

(அடுத்த வாரம்: பனங்கிழங்கும் ஒடியலும்)