காதுக்கு எழுதிய பத்திரிகை

தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வட்டாரத்தில் 2003-இல் ‘சோன்’ என்றொரு பத்திரிகை வந்தது. ஆப்பிரிகான்ஸ் மொழிதான், ஆனால் பள்ளிக்கூட ஆப்பிரிகான்ஸ் இல்லை. கலப்பின உழைப்பாளி மக்கள் தெருவில் பேசுவதை அப்படியே அச்சேற்றினார்கள். கொலை, கிசுகிசு, கொட்டை எழுத்துத் தலைப்பு. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள், விற்பனை ஏறியது.

நாகர்கோவில் வடசேரிச் சாயாக்கடையில் இதைச் சொன்னால், “இது நம்ம தந்தி கதைல்லா டே!” என்பார்கள். பாதிதான் சரி. ஒரு சாயா சொல்லுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

லண்டனில் பாரிஸ்டர் படித்து, சிங்கப்பூரில் வக்கீலாக இருந்த சி. பா. ஆதித்தனார், 1942 நவம்பர் 1 அன்று மதுரையில் ‘தந்தி’யைத் தொடங்கினார். எழுத்துக்கூட்டி வாசிப்பவருக்கும் புரியவேண்டும் என்பது அவர் கணக்கு. கடையில் ஒருவர் உரக்க வாசிப்பார், நாலு பேர் கேட்பார்கள். ஆகவே மூச்சு முட்டாத சின்ன வாக்கியம். “இதுபற்றிய விவரம் வருமாறு” என்று ஒரு வரி. அப்புறம் ஆளின் ஊர், பெயர், வயது, தொழில், மனைவி, எத்தனை பிள்ளைகள். அதன் பிறகே வெட்டுக்குத்து. அதற்குள் செத்தவர் நமக்குத் தெரிந்தவராகிவிடுவார். சூட்சுமம் அங்கேதான். செய்தி நீண்டால் நடுநடுவே தடித்த எழுத்தில் குட்டித் தலைப்பு. 1960-இல் தொடங்கிய ‘கன்னித்தீவு’ படக்கதை வேறு. அதில் சிந்துபாத் இன்னும் கரை சேர்ந்தபாடில்லை. இந்தவகைப் பத்திரிகைகள் அடுத்தவர் வீட்டு மானத்தைச் சந்தியில் வைத்ததும் உண்டு. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

சரியில்லாத பாதி எது? தந்தி எளிய தமிழில் எழுதியதே தவிர, வட்டாரப் பேச்சில் எழுதவில்லை. சேலத்துக்கும் நாகர்கோவிலுக்கும் ஒரே வாக்கியம் போயாகவேண்டுமே. நமக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அன்றைக்கு நாஞ்சில் நாட்டு மக்கள் நாம் திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தோம். நாஞ்சில் நாட்டுக்காரரான டி. வி. ராமசுப்பையர் 1951-இல் திருவனந்தபுரத்தில் ‘தினமலர்’ தொடங்கியதே தமிழர் குரல் கேட்கவேண்டும் என்றுதான். 1954-இல் தமிழகத்தோடு சேரக் கேட்டுப் போராடியவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு, 1956 நவம்பர் 1-இல் தாய்த்தமிழகத்தோடு இணைப்பு. மறுவருஷமே பத்திரிகை திருநெல்வேலிக்கு இடம் பெயர்ந்தது. “நாங்களும் தமிழர்” என்று வழக்காடும்போது, மலையாள வாடை அடிக்கும் நம் பேச்சையா அச்சில் வைப்பார்கள்?

அதனால் நம் ‘டே’யும் ‘கேட்டியா’வும் செய்தித்தாளில் இடம் பிடிக்கவில்லை. நாஞ்சில் நாடனும் தோப்பில் முஹம்மது மீரானும் நாவலில் கொண்டுவந்தார்கள். அது காலையில் சாயாக் கிளாஸோடு கைக்கு வருகிற சரக்கில்லை, தேடிப்போய் வாங்கவேண்டும்.