எதை எழுதலாம், எதை விடலாம்?



இனிப்பு நீர் உள்ளவர்களைச் சாப்பிட்டதை நோட்டில் எழுதச் சொன்னால், இரண்டே நாளில் சலித்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். எல்லாவற்றையும் எழுத வேண்டாம். வெள்ளரிக்காய், கங்கோங், கீரை, சீனியும் பாலும் போடாத தேத்தண்ணி, இவற்றை விட்டுவிடலாம். 100 கிராம் வெள்ளரியில் சுமார் 15 கலோரிதான்.

ஆனால் கங்கோங் வதக்கிய எண்ணெயை எழுதுங்கள். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 120 கலோரி உண்டு. டின் பால் ஒரு மேசைக்கரண்டி ஏறக்குறைய 65. நாலு குவளை தேத்தண்ணிக்கு நாலு கரண்டி ஊற்றினால் 260 ஆச்சு! மரவள்ளிக்கிழங்கைக் காய்கறி என்று விட்டுவிடாதீர்கள்; அது சோற்றுக் கணக்கு.

சர்க்கரை அடங்காவிட்டால் கண்ணும் காலும் கெடும். ஆகவே நோட்டைக் கிளினிக்குக்குக் கொண்டு வாருங்கள். மருந்தை மட்டும் நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.