குடியானவர் ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு: கண்டறிவதும் கணக்கெடுப்பதும்

நெல் வயலில் தண்டுத் துளைப்பான் தாக்குதல் உள்ளதா என்று பார்க்கும் விவசாயி வரப்பில் நின்றபடி முடிவு கட்டுவதில்லை. வயலுக்குள் இறங்கி, நாலைந்து இடங்களில் தூரை விலக்கிப் பார்க்கிறார். ஒரு சதுர மீட்டரில் 2 முட்டைக் குவியல் தென்பட்டால் மருந்து தெளிக்கிறார், இல்லையேல் பொறுத்திருக்கிறார். ஆடு கழிந்தால் புழுக்கையைப் பொட்டலம் கட்டிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு நடப்பவர்களும் உண்டு. ஆனால் அதே வீட்டில், களை எடுக்கும் பெண்மணி பத்து மணிக்கே மூச்சு வாங்கி வரப்பில் உட்கார்ந்துவிட்டால், "வயசாயிடுச்சு" என்ற ஒரு சொல்லோடு விஷயம் முடிந்துவிடுகிறது. ஆட்டுப் புழுக்கைக்குக் கிடைக்கும் கவனம் மனிதருக்குக் கிடைப்பதில்லை.

சோகைக்குக் காரணங்கள் பல. கீரையும் பருப்பும் போதாத சாப்பாடு, பெண்களுக்கு மாதவிலக்கில் ஏற்படும் ரத்த இழப்பு, அடுத்தடுத்த பிரசவம் ஆகியவை முக்கியமானவை. வெறுங்காலுடன் மண்ணில் வேலை செய்பவர்களுக்கு இவற்றோடு கொக்கிப்புழுவும் சேர்ந்துகொள்கிறது. இப்புழு அரை அங்குல நீளங்கூட இராது. சிறுகுடலின் உட்சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சுகிறது. இதில் இரண்டு இனங்கள் முக்கியமானவை. 'நெக்கேட்டார்' என்ற இனத்தின் ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.03 மில்லி லிட்டர் ரத்தம் வீணாகிறது. 'ஆன்கைலோஸ்டோமா' என்ற மற்ற இனம் இதைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல் பாழாக்கும். ஒருவர் வயிற்றில் நெக்கேட்டார் புழுக்கள் 100 இருந்தால் நாளுக்கு 3 மில்லி லிட்டர். நான்கு மாதத்தில், ரத்த தானத்தில் ஒரு முறை எடுக்கும் 350 மில்லி லிட்டர் அளவுக்கு வந்துவிடுகிறது. தானம் கொடுத்தவர் அதை ஈடுசெய்துகொள்கிறார். இங்கோ எடுப்பது நிற்பதே இல்லை.

மண்ணிலிருந்து காலுக்கு

வெளிக்குப் போகும் இடத்தில் மலத்தோடு விழும் முட்டைகள், ஈரமும் நிழலும் உள்ள மணற்பாங்கான மண்ணில் ஓரிரு நாளில் பொரிந்துவிடுகின்றன. ஒரு வாரம், பத்து நாளில் இளம்புழுக்கள் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகின்றன. வாழைத் தோட்டம், கரும்பு ஓரம், மரத்தடி போன்ற இடங்கள் இவற்றுக்கு உகந்தவை. கடும் வெயிலும் காய்ந்த மண்ணும் இவற்றைக் கொன்றுவிடும். தாமாக வெகுதூரம் நகர்ந்து செல்ல இவற்றால் முடியாது. மனிதர்தான் அவ்விடத்தில் கால் வைக்கிறார்.

தோல் வழியாகப் புழு நுழைகிறது என்பதை முதலில் யாரும் நம்பவில்லை. ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி எகிப்தின் கெய்ரோ நகரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தபோது, இளம்புழுக்கள் கலந்த நீர் தவறுதலாக அவர் கையில் சிந்தியது. சற்று நேரத்தில் அவ்விடம் சிவந்து நமைச்சல் எடுத்தது. சில வாரங்கள் கழித்துத் தம் மலத்தையே சோதித்தபோது கொக்கிப்புழு முட்டைகளைக் கண்டார். இதை 1898இல் அவர் வெளியிட்டார். தோட்ட வேலை முடித்து வந்த இரவில் கால் விரல் இடுக்கில் நமைச்சலும் சிறு கொப்புளமும் காண்பது பல காரணங்களால் வரலாம். இப்புழு நுழைந்ததும் அவற்றில் ஒன்று.

முட்டையை எண்ணும் முறை

குடலுக்குள் உள்ள புழுவை எண்ண முடியாது. ஆனால் அது இடும் முட்டையை எண்ணலாம். பெண் புழு ஒன்று நாளொன்றுக்குப் பல ஆயிரம் முட்டைகள் இடுவதால் இது சாத்தியமாகிறது. ஜப்பானில் காட்டோ என்பவரும் மற்றொருவரும் 1954இல் வகுத்த முறையைப் பிரேசில் நாட்டின் காட்ஸ் என்பவர் 1972இல் திருத்தி, அளவோடு எண்ணும் முறையாக்கினார். 'காட்டோ–காட்ஸ்' என்ற பெயரில் உலகெங்கும் இன்றும் வழக்கில் உள்ள முறை இதுவே.

மலத்தைச் சிறு சல்லடையில் தேய்த்துச் சக்கையை நீக்குகிறார்கள். நடுவில் துளையுள்ள ஒரு சிறு அச்சைக் கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து அத்துளையை நிரப்பினால் சரியாக 41.7 மில்லி கிராம் பிடிக்கும். அச்சை எடுத்துவிட்டு, கிளிசரினில் ஊறிய செலோபேன் தாளால் மூடி அமுக்கினால் மலம் கண்ணாடி போல் தெளிகிறது. பிறகு மைக்ராஸ்கோப்பில் முட்டைகளை எண்ணி 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமில் எத்தனை என்ற கணக்கு கிடைக்கிறது. 10 முட்டை தெரிந்தால் கிராமுக்கு 240. கொக்கிப்புழுவில் கிராமுக்கு 2,000க்குக் குறைவாக இருந்தால் லேசான தாக்குதல். 4,000ஐத் தொட்டால் கடுமை.

பார்க்க எளிதாகத் தோன்றும் இம்முறையில் ஒரு சங்கடம் உண்டு. கொக்கிப்புழு முட்டையின் ஓடு மெல்லியது. கிளிசரின் பட்ட அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாமல் கரைந்துவிடும். உருண்டைப்புழு முட்டையின் ஓடு தடிப்பானது, அது கிடக்கும். ஆகவே காலையில் தயாரித்த தகட்டைச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் கொக்கிப்புழு "இல்லை" என்ற முடிவே வரும். புழு வயிற்றில்தான் இருக்கும். அன்றி, முட்டை எண்ணிக்கை நாளுக்கு நாள் கூடிக் குறையும். ஒரே ஒரு தகட்டை நம்பாமல் இரண்டு தகடுகள், முடிந்தால் இரண்டு நாள் மாதிரி பார்ப்பது இதனால்தான்.

யாரைச் சோதிப்பது?

ஓர் ஊரில் புழு எவ்வளவு என்று அறிய வழக்கமாகப் பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறார்கள். பிள்ளைகள் ஓரிடத்தில் கிடைப்பார்கள்; மாதிரி வாங்குவது எளிது. உருண்டைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றுக்கு இது பொருந்தும். அவை குழந்தைகளிடமே மிகுதி. கொக்கிப்புழு அப்படியன்று. மண்ணோடு புழங்கப் புழங்க, வயது ஏற ஏற அது பெருகும். பள்ளிக்கூடத்தில் மட்டும் எண்ணிவிட்டு ஊரில் புழு குறைவு என்று சொன்னால், வரப்போரத்துத் தூரை மட்டும் பார்த்துவிட்டு வயல் முழுதும் நன்று என்று சொன்னது போலாகும்.

ஜவ்வாது மலையில் 22 மலைக்கிராமங்களில் 1,237 பேரைச் சோதித்து 2013இல் வெளியான ஆய்வில் 100க்கு 38 பேரிடம் கொக்கிப்புழு இருந்தது. உருண்டைப்புழு மிகச் சிலரிடமே. பெரியவர்களிடமே தாக்குதல் மிகுதி.

இதன் பின்னர், 2017இல் 'டிவார்ம்-3' என்ற பெரிய ஆய்வு ஆப்பிரிக்காவின் பெனின், மலாவி நாடுகளிலும் இந்தியாவிலும் தொடங்கியது. இந்தியாவில் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவை திமிரி வட்டாரமும் ஜவ்வாது மலையும். பொறுப்பேற்றது வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி. வீடு வீடாகச் சென்று ஆட்களைப் பதிந்து, எல்லா வயதினரிலும் 6,000க்கும் மேற்பட்டோரின் மலத்தைச் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம் கொக்கிப்புழு இருப்பது தெரிந்தது. பகுதியை 40 கூறுகளாகப் பிரித்து, 20இல் வழக்கம்போல் பிள்ளைகளுக்கும், மற்ற 20இல் குழந்தை முதல் முதியவர் வரை அனைவருக்கும் ஆண்டுக்கு இருமுறை மாத்திரை என மூன்று ஆண்டுகளுக்குத் திட்டம் வகுக்கப்பட்டது. மாத்திரையை நிறுத்தி 24 மாதம் சென்ற பிறகும் 100க்கு 2 பேருக்கு மேல் புழு இல்லையானால் பரவல் அறுந்ததாகக் கொள்வது என்பதே வைத்துக்கொண்ட அளவுகோல்.

இந்த இரண்டு பேரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். புழு குறையக் குறைய மைக்ராஸ்கோப்பில் தப்பிவிடுகிறது. ஆகவே இறுதிக் கணக்குக்கு, கொரோனா காலத்தில் மூக்கில் எடுத்த மாதிரியைச் சோதித்த அதே பி.சி.ஆர். வகைச் சோதனையை மலத்தில் செய்கிறார்கள். முட்டையைத் தேடாமல் புழுவின் மரபணுவையே தேடுவது இது. நெக்கேட்டார் எது, ஆன்கைலோஸ்டோமா எது என்று முட்டையைப் பார்த்துச் சொல்ல இயலாது, இச்சோதனை சொல்லிவிடும். நாய், பூனையிடமிருந்து மனிதருக்கு வரும் கொக்கிப்புழு இனம் ஒன்றும் ஆசிய நாடுகளில் உண்டு. அதையும் பிரித்துக் காட்டும். செலவு அதிகம் என்பதால் இது இன்னும் ஆராய்ச்சிக்கூடங்களை விட்டு வெளியே அதிகம் வரவில்லை.

மற்றொன்றும் இக்கணக்குகளில் தெரிகிறது. புழு எல்லோரிடமும் சமமாகப் பங்கிடப்படவில்லை. பலரிடம் சொற்பம், சிலர் வயிற்றிலேயே பெரும்பகுதி. ஊர் மண்ணில் விழும் முட்டைகளில் மிகுதியும் அந்தச் சிலருடையவை.

விடுபட்டவர்கள்

2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயது வரை உள்ளோருக்கு அல்பெண்டசோல் மாத்திரை தரப்படுகிறது. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும் தரப்பட்டு வந்துள்ளது. நல்ல திட்டந்தான். ஆனால் நாற்பத்தைந்து வயதில் களை எடுப்பவரும், ஐம்பதில் வாழைக்கு மண் அணைப்பவரும் இதில் வருவதில்லை. இவர்கள் தாமாகவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் சென்று கேட்க வேண்டும். படி ஏறினால் மூச்சு வாங்குதல், கண் இமையின் உட்புறம் வெளுத்திருத்தல், காரணமில்லாத அசதி இருந்தால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவையும், கூடவே மலத்தையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை மட்டும் வாங்கி வருவது, ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதாகிவிடக்கூடும்.

மாதிரி கொடுப்போர் கவனிக்க வேண்டியவை சில. காய்ந்த, அகன்ற வாயுள்ள டப்பாவில் பெருவிரல் அளவு போதும். சிறுநீர், தண்ணீர், மண் கலக்கக் கூடாது. மண் கலந்தால் மண்ணில் தானாக வாழும் புழுக்களும் சேர்ந்து ஆய்வாளரைக் குழப்பும். முதல் நாள் எடுத்து வைத்ததைக் கொண்டுபோக வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் முட்டை பொரிந்துவிடும். காலையில் எடுத்ததைக் காலையிலேயே கொடுத்துவிட வேண்டும்.

புழு இருப்பது தெரிந்தால் அல்பெண்டசோல் 400 மில்லி கிராம் ஒரு மாத்திரை வழக்கமான சிகிச்சை. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இது கூடாது. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் எப்போதும் சாப்பிட வேண்டாம். ஒரே மாத்திரையில் பத்தில் ஏழெட்டுப் பேருக்குத்தான் கொக்கிப்புழு முழுதும் நீங்குகிறது. மற்றவரிடம் எண்ணிக்கை குறைந்தாலும் மிச்சம் இருக்கும். எனவே இரண்டு அல்லது மூன்று வாரம் சென்ற பின் மறுபடி ஒரு மாதிரி கொடுத்துப் பார்த்துக்கொள்வது நல்லது. முதல் முறை சோதித்த சீட்டையும் அப்போது கையோடு கொண்டுபோனால், முட்டை எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் ஒப்பிட்டுச் சொல்வார்.