'தவறு' என்ற ஒரு சொல்: வியட்நாம் போரும் அமெரிக்கப் பொதுமக்கள் கருத்தும் (1964–1973)

ஆய்வுச் சுருக்கம்

மக்கள் ஆதரவை இழந்த அயல்நாட்டுப் போருக்கு எடுத்துக்காட்டாக அமெரிக்காவின் வியட்நாம் போர் தொடர்ந்து சுட்டப்படுகிறது. 'மக்கள் எதிர்த்தனர், போர் நின்றது' என்னும் சுருக்க வரலாறே பரவலாக நிலைபெற்றுள்ளது. அக்காலக் கருத்துக்கணிப்புகளையும் அவற்றின்மீது எழுந்த சமூகவியல், அரசியல் ஆய்வுகளையும் அடிப்படையாகக் கொண்டு, ஒரு போர் ஆதரவை இழப்பதும் மக்கள் போர் எதிர்ப்பாளராக மாறுவதும் ஒன்றல்ல என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: பொதுமக்கள் கருத்து, கருத்துக்கணிப்பு, வியட்நாம் போர், போர் எதிர்ப்பு, அமெரிக்க நாடாளுமன்றம், வினா அமைப்பு.

முன்னுரை

தமிழில் 'தவறு' என்னும் சொல் இருபொருள் உடையது. கணக்குப் போடுகையில் நேரும் பிழையும் தவறே. பிறர்க்கு இழைக்கும் அநீதியும் தவறே. எப்பொருள் கொள்வது என்பதைச் சூழலே முடிவு செய்கிறது. வியட்நாம் போர் குறித்து அமெரிக்க மக்களிடம் ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் கேட்கப்பட்ட ஒரு வினாவைத் தமிழில் பெயர்க்கும்போது இச்சிக்கல் நேரடியாக எதிர்ப்படுகிறது. போர் நிகழ்ந்துள்ள போக்கைக் கருத்தில் கொண்டால், வியட்நாமில் போரிடத் துருப்புகளை அனுப்பியதன் மூலம் அமெரிக்கா தவறு செய்துவிட்டதாகக் கருதுகிறீர்களா என்பதே கேலப் நிறுவனம் கேட்ட அவ்வினாவின் சாரம். இதற்கு 'ஆம்' என்றவர்களை எல்லாம் போரை அநீதி என்று கண்டவர்களாக எண்ணிக் கொள்வது எளிது. ஆனால் ஆங்கில மூலத்தில் உள்ள சொல் பெரிதும் கணிப்புப் பிழையைச் சுட்டுவது. விடை சொன்னவர்களுள் பெரும்பாலோரும் அப்பொருளிலேயே விடை சொன்னார்கள் என்பதற்கு வலுவான சான்றுகள் உள்ளன.

தொடக்கத்தில் நிலவிய ஒருமனம்

1964 ஆகஸ்டு 7 அன்று டோங்கின் வளைகுடாத் தீர்மானம் பிரதிநிதிகள் அவையில் 416–0 எனவும் செனட் அவையில் 88–2 எனவும் நிறைவேறியது. போர் அறிவிப்பு ஏதுமின்றிப் படைகளைப் பயன்படுத்தும் அதிகாரம் குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சனுக்கு இதன்வழிக் கிடைத்தது. எதிர்த்து வாக்களித்த இருவர் ஓரிகன் மாநிலத்தின் வெய்ன் மோர்சும் அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங்கும் ஆவர். இருவரும் ஆளுங்கட்சியாகிய ஜனநாயகக் கட்சியினர். தீர்மானத்தைச் செனட்டில் முன்னின்று நிறைவேற்றித் தந்த வில்லியம் புல்பிரைட்டே, ஈராண்டுகள் கழியுமுன் 1966 பிப்ரவரியில், அயலுறவுக் குழுவின் தலைவராக இருந்து போர் குறித்த விசாரணையைத் தொலைக்காட்சியின் முன் நடத்தினார். ஜார்ஜ் கென்னன் போன்ற முன்னாள் தூதர் அங்கு ஐயம் எழுப்பியது, போரை வினவுதல் நாட்டுப்பற்றுக்கு முரணானதன்று என்னும் எண்ணத்திற்கு மதிப்பு தந்தது.

இதனிடையே மக்கள் கருத்தும் நகர்ந்தது. 1965 ஆகஸ்டில் துருப்புகளை அனுப்பியது தவறு என்றவர்கள் 24 விழுக்காட்டினர். தவறன்று என்றவர்கள் 61 விழுக்காட்டினர். 1967 அக்டோபரில் தவறு என்றவர்கள் 47 ஆகவும் மறுத்தவர்கள் 44 ஆகவும் இருந்தனர். 1968 ஆகஸ்டில் தவறு என்போர் 53 விழுக்காட்டினராயினர். 1971 மே மாதத்தில் இது 61 விழுக்காடாயிற்று. ஆறு ஆண்டுகளில் எண்கள் அப்படியே தலைகீழாயின எனலாம்.

இவற்றுள் 1967 அக்டோபர் எண் தனிக் கவனத்திற்குரியது. 1968 சனவரி இறுதியில் நிகழ்ந்த டெட் தாக்குதலும், அதனைத் தொடர்ந்து பிப்ரவரி 27 அன்று தொலைக்காட்சிச் செய்தியாளர் வால்டர் கிரான்கைட் வழங்கிய நிகழ்ச்சியுமே அமெரிக்க மனத்தை ஒரே இரவில் திருப்பின என்று பல நூல்கள் கூறுகின்றன. அந்நிகழ்ச்சியைக் கண்டு ஜான்சன் மனமுடைந்தார் என்றும் ஒரு கதை வழங்குகிறது. ஒளிபரப்பான வேளையில் அவர் டெக்சாசில், ஆளுநர் ஜான் கானலியின் பிறந்தநாள் விழாவில் இருந்தார். டெட் தாக்குதலுக்கு மூன்று மாதம் முன்னரே 'தவறு' என்போர் முந்திவிட்டனர் என்பதும், தாக்குதல் நிகழ்ந்த உடனே தம்மை 'வல்லூறு' என அடையாளப்படுத்திக் கொண்டோர் தற்காலிகமாகக் கூடினர் என்பதும் கணிப்புகளால் அறியப்படுகின்றன.

சரிவுக்கான விளக்கங்கள்

இச்சரிவை விளக்கியவர்களுள் முதன்மையானவர் ஜான் முல்லர். 1973இல் வெளிவந்த நூலில் அவர் கொரியப் போரையும் வியட்நாம் போரையும் இணைத்து ஆராய்ந்தார். அமெரிக்கரின் உயிரிழப்பும் காயமும் பத்து மடங்கு பெருகும்போதெல்லாம் ஆதரவு ஏறத்தாழ 15 விழுக்காட்டுப் புள்ளிகள் குறைந்தது என்பது அவர் கண்ட முறை. அதாவது ஆயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை ஏற்படும் வீழ்ச்சியும், பத்தாயிரத்திலிருந்து ஒரு இலட்சம் வரை ஏற்படும் வீழ்ச்சியும் ஒரே அளவின. தொடக்கத்து இழப்புகளே மனத்தை மிகுதியும் அசைக்கின்றன. பின்னர் எஞ்சுவோர் எளிதில் அசையாதவர். கொரியப் போரின்போது வீடுதோறும் தொலைக்காட்சி இல்லை. வளாகக் கிளர்ச்சிகளும் இல்லை. ஆயினும் ஆதரவு ஒத்த முறையிலேயே சரிந்தது. தொலைக்காட்சிதான் வியட்நாம் போரைத் தோற்கடித்தது என்னும் கூற்றுக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

முல்லரின் கணக்கு முழு விளக்கம் ஆகாது. இழப்பு எண்ணிக்கையை மக்கள் தாமாகவே எடைபோடுவதில்லை, தலைவர்கள் பிளவுபடும்போது தத்தம் தலைவரைப் பின்பற்றியே பிளவுபடுகின்றனர் என ஆதம் பெரின்ஸ்கி பின்னாளில் வாதிட்டார். டேனியல் ஹாலினின் ஊடக ஆய்வும் இதற்கு அரண் செய்கிறது. தலைவர்களிடையே ஒற்றுமை நிலவிய காலத்தில் செய்தியாளரும் ஐயம் எழுப்பவில்லை என்று அது காட்டுகிறது. புல்பிரைட் விசாரணையின் காலத்தை எண்ணிப் பார்க்கையில் இவ்விளக்கத்தைப் புறந்தள்ள இயலாது. எனினும் 1967 வரை இரு கட்சிகளின் தலைமையும் பெரும்பாலும் போரின் பக்கமே நின்றிருக்க, மக்கள் முன்னரே நகரத் தொடங்கிவிட்டனர் என்பதால் இதனை மட்டும் கொண்டும் அமைதியடைய முடியவில்லை.

எதிர்த்தவர் யாவர்?

நினைவில் பதிந்துள்ள படம் நீள்முடி வைத்த கல்லூரி மாணவனுடையது. கணிப்புகள் காட்டும் படம் வேறு. 1965 ஆகஸ்டில் 30 வயதிற்குட்பட்டோருள் போரை ஆதரித்தவர்கள் 76 விழுக்காட்டினர். 49 வயதைக் கடந்தோரிடையே ஆதரவு 51 விழுக்காடு மட்டுமே. இளையோர் மூத்தோரைவிட ஆதரவாக இருந்த இந்நிலை பின்னரும் பல கணிப்புகளில் நீடித்தது. ஆண்களைவிடப் பெண்களும் வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவரும் மிகுதியாக எதிர்த்தனர்.

கல்வியைப் பொறுத்தவரை வேறுபாடு இன்னும் வியப்புக்குரியது. 1971 சனவரியில், அவ்வாண்டு இறுதிக்குள் அனைத்துத் துருப்புகளையும் திரும்ப அழைக்கும் திட்டத்தை 73 விழுக்காட்டினர் ஆதரித்தனர். பகுத்துப் பார்த்தால் தொடக்கப்பள்ளிக் கல்வி மட்டும் பெற்றோரில் 80, உயர்நிலைப் பள்ளி முடித்தோரில் 75, கல்லூரிக் கல்வி பெற்றோரில் 60 என அமைந்தது. சமூகவியலாளர் ஜேம்ஸ் லோவன் இவ்வெண்களைத் தம் கேட்போர் முன் மறைத்து வைத்து ஊகிக்கச் சொல்வதுண்டு. கற்றோரே மிகுதியாக எதிர்த்திருப்பர் என்று அவர்களுள் மிகப் பலரும் ஊகித்தனர். கற்றவர் என்னும் நம் தற்பெருமை தரவை முந்திக்கொண்டு விடை சொல்லிவிடுகிறது. ஆய்வியல் அறிமுக வகுப்பில் செய்து பார்க்கத்தக்க பயிற்சி இது.

நியூ ஹாம்ப்சயரின் பாடம்

1968 மார்ச்சு 12 அன்று நியூ ஹாம்ப்சயரில் ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் முன்தேர்தல் நடைபெற்றது. போரை எதிர்த்து நின்ற செனட் உறுப்பினர் யூஜின் மெக்கார்த்தி ஏறத்தாழ 42 விழுக்காடு பெற்றார். வாக்குச்சீட்டில் பெயர் அச்சிடப்படாத நிலையிலும், வாக்காளர் கையால் எழுதிச் சேர்த்தமையால் ஜான்சன் 49 விழுக்காட்டைக் கடந்தார். பதவியிலிருக்கும் தலைவர் தம் கட்சிக்குள்ளேயே இவ்வளவு நெருக்கப்பட்டதால் அம்முடிவு போர் எதிர்ப்பின் வெற்றியாகவே படிக்கப்பட்டது. மார்ச்சு 31 அன்று மீண்டும் போட்டியிடப் போவதில்லை என ஜான்சன் அறிவித்தார்.

பிலிப் கான்வர்சும் உடனாய்வாளர்களும் 1969இல் வெளியிட்ட ஆய்வு இவ்வாசிப்பைக் குலைத்தது. மெக்கார்த்திக்கு வாக்களித்து, ஜான்சனின் வியட்நாம் கொள்கையில் மனக்குறை கொண்டிருந்தோருள், ஜான்சன் போதிய கடுமையுடன் போரிடவில்லை எனக் குறைப்பட்டோரே, போரை விட்டு விலகுக என்றோரைவிட ஏறத்தாழ மூன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் மிகுந்திருந்தனர். வெறுப்பு ஒன்று, அதன் திசைகள் இரண்டு. 'வெல்க அல்லது வெளியேறுக' என்பதே பலருடைய நிலை. வெல்வதும் வெளியேறுவதும் எதிரெதிரான கொள்கைகளாயினும், பாதியில் தொங்கும் போரை வெறுப்பதில் இருசாராரும் ஒன்றுபட்டனர். 'தவறு' என்ற 53 விழுக்காட்டினுள் இவ்விரு சாராரும் அடங்குவர் என்பதை அவ்வெண் நமக்குச் சொல்வதில்லை.

இருவகை எதிர்ப்பு

'தவறு' என்றோரிடம் ஏன் தவறு என்று தம் சொற்களிலேயே விளக்கச் சொன்னால் என்ன விடை கிடைக்கும்? ஹோவர்டு ஷூமன் 1972இல் வெளியிட்ட ஆய்வின் சிறப்பு இவ்வெளிய வினாவில் உள்ளது. டெட்ராயிட் நகரப் பொதுமக்களின் விடைகளையும் பல்கலைக்கழக மாணவர்களின் விடைகளையும் அவர் ஒப்பிட்டார். பொதுமக்கள் பெரிதும் சுட்டியவை அமெரிக்க வீரர்களின் சாவும் வெற்றி கிட்டாமையும் ஆகும். வியட்நாமியரின் சாவு, ஊர்களின் அழிவு, போரின் நோக்கத்திலேயே உள்ள அறக்கேடு ஆகியன மாணவர் விடைகளில்தான் எடுப்பாக வந்தன. ஒரே கட்டத்தில் குறியிட்ட இரு சாரார் பேசியது ஒரே போரைப் பற்றி அன்று எனத் தோன்றுகிறது. ஒரு சாராருக்கு அது பயன் தராத செலவு. மறு சாராருக்கு அது பிறர்மேல் இழைக்கப்பட்ட தீங்கு. முன்னுரையில் குறித்த 'தவறு' என்னும் சொல்லின் இருபொருளும் இங்கு இரு மனித கூட்டங்களாகவே பிரிந்து நிற்கக் காண்கிறோம்.

இப்பிரிவை அறிந்தால், புதிராகத் தோன்றும் வேறு சில தரவுகளும் விளங்கும். போரை வெறுத்த மக்கள் போராட்டக்காரர்களை அதனினும் மிகுதியாக வெறுத்தனர். 1968 தேர்தல் ஆய்வில், வியட்நாம் போர் எதிர்ப்பாளர் மீதான மனப்பாங்கைச் சுழியம் முதல் நூறு வரை மதிப்பிடச் சொன்னபோது மூன்றில் ஒரு பங்கினர் சுழியமே தந்தனர். 1970 மே 4 அன்று ஒகையோவின் கென்ட் பல்கலைக்கழகத்தில் தேசியக் காவற்படையினர் சுட்டு நான்கு மாணவர் இறந்தனர். தொடர்ந்து எடுத்த கணிப்பில் 58 விழுக்காட்டினர் மாணவர்களையே குற்றம் சாட்டினர். காவற்படையைக் குற்றம் சாட்டியோர் 11 விழுக்காட்டினர். முதல் தீர்மானத்தையே எதிர்த்த மோர்சும் குரூனிங்கும் 1968இல், அதாவது நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் போர் தவறு என்று சொன்ன அதே ஆண்டில், தம் இடங்களை இழந்தனர். முன்கூட்டியே சரியாகச் சொன்னவர்க்குப் பொதுமக்கள் கருத்து நன்றி பாராட்டுவதில்லை போலும்.

அரசு படித்துக்கொண்ட விதம்

இவ்வேறுபாட்டை ஆய்வாளரினும் விரைவாகப் புரிந்துகொண்டவர் ரிச்சர்ட் நிக்சன் எனத் தோன்றுகிறது. 1969 அக்டோபர் 15 அன்று நாடெங்கும் பெரும் போர்நிறுத்தக் கிளர்ச்சி நடைபெற்றது. அதற்கு விடையாக, நவம்பர் 3 அன்று ஆற்றிய உரையில் 'மௌனப் பெரும்பான்மை'யினரின் ஆதரவை அவர் வேண்டினார். அம்மௌனப் பெரும்பான்மை போரை விரும்பிய கூட்டம் அன்று. போரால் சலித்திருந்த, ஆனால் தெருவில் கொடி எரிப்போருடன் தம்மைச் சேர்த்துக்கொள்ள மறுத்த கூட்டம் அது. அவர்களுக்கு வேண்டியது அமெரிக்கப் பிள்ளைகளின் சாவு குறைவது. எனவே 1969 ஏப்ரலில் ஏறத்தாழ 5,43,000 ஆக இருந்த படையினர் 1972 இறுதியில் ஏறத்தாழ 24,000 ஆகக் குறைக்கப்பட்டனர். 1969 டிசம்பரில் கட்டாயப் படைச் சேர்ப்பு குலுக்கல் முறைக்கு மாறியது. 1973இல் அச்சேர்ப்பே நின்றது.

நாடாளுமன்றமோ மக்கள் கருத்துக்குப் பின்னே தயங்கித் தயங்கி வந்தது. படைகளைக் குறித்த நாளுக்குள் திரும்பப் பெறச் செய்யும் மெக்கவர்ன்–ஹாட்பீல்டு திருத்தம் 1970 செப்டம்பரில் செனட்டில் 55–39 எனத் தோற்றது. டோங்கின் தீர்மானம் நீக்கப்பட்டது 1971 சனவரியில்தான். போரை உடனே முடிப்பதாக வாக்களித்து நின்ற ஜார்ஜ் மெக்கவர்ன் 1972 தேர்தலில் ஒரே ஒரு மாநிலத்தில் மட்டும் வென்றார். 49 மாநிலங்கள் நிக்சன் பக்கம் நின்றன. முந்தைய ஆண்டில் 61 விழுக்காட்டினர் 'தவறு' என்று சொன்ன போரை நடத்திக் கொண்டிருந்தவருக்கே அவ்வெற்றி கிட்டியது.

அவ்வாண்டில் வியட்நாமில் இறந்த அமெரிக்கப் படையினர் ஆயிரத்திற்கும் குறைவு. 1968இல் அவ்வெண் 16,899. ஆனால் 1972 வியட்நாமியர்க்குத் தணிந்த ஆண்டன்று. வசந்தகாலத்தில் வடவியட்நாமின் பெருந்தாக்குதல் நிகழ்ந்தது. இருதரப்பிலும் பல்லாயிரவர் மாண்டனர். தேர்தல் முடிந்த அடுத்த மாதம், கிறிஸ்துமஸ் நாளையொட்டி, ஹனோய், ஹைபோங் நகரங்களின் மீது பி-52 வானூர்திகள் குண்டு பொழிந்தன. இந்தோசீனத்தில் அமெரிக்கப் படை நடவடிக்கைக்கு நிதி வழங்குவதை 1973 ஆகஸ்டு 15 முதல் நாடாளுமன்றம் சட்டத்தால் நிறுத்தியது. அந்நாள் வரை கம்போடியாவின் மீது குண்டுவீச்சு நீடித்தது.