விழுங்கிய மாத்திரை எங்கே செல்கிறது?

தலைவலிக்கு ஒரு மாத்திரை. சளிக்கு வேறொரு மாத்திரை. இரவு படுக்குமுன் ஊரிலிருந்து பார்சலில் வந்த சூரணம். இவ்வாறு ஒரே நாளில் மூவகை மருந்துகள் ஒரே வயிற்றுக்குள் இறங்குவது நம் இல்லங்களில் புதுமையன்று. விழுங்கியவுடன் அவற்றை நாம் மறந்துவிடுகிறோம். வலப்புற விலா எலும்புகளுக்குக் கீழே, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடையுடன் அமைந்துள்ள கல்லீரலுக்கோ வேலை அப்போதுதான் தொடங்குகிறது.

குடலில் கரைந்த பொருள்களைச் சுமந்து வரும் இரத்தம் நேராக இருதயத்துக்குச் செல்வதில்லை. போர்ட்டல் நாளம் என்னும் பெரிய குழாயின் வழியே முதலில் ஈரலைத்தான் அடைகிறது. சரக்கு வண்டிகள் யார்டுக்குள் வந்து பிரிக்கப்பட்ட பின்னரே மேற்கொண்டு செல்வது போன்ற ஏற்பாடு இது. இங்கே பிரிப்பவை என்ஸைம்கள் எனப்படும் நொதிகள். தாம் அழியாமல், பிற பொருள்களின் ரசாயன அமைப்பை விரைவாக மாற்றும் புரதங்கள் அவை.

மாற்ற வேண்டிய அவசியம் என்ன? எண்ணெய்ப் பிசுக்கு வெறும் தண்ணீரில் போகாது என்பதை அடுக்களையில் அறியாதார் இல்லை. மருந்துகளில் பெரும்பாலானவை எண்ணெயின் இயல்பு கொண்டவை. சிறுநீரகமோ நீரில் கரைவதை மட்டுமே எளிதில் வெளியேற்ற வல்லது. ஆகவே ஈரல் முதலில் அப்பொருளில் பிராணவாயுவைச் சேர்த்து ஒரு பிடிமானம் உண்டாக்குகிறது. பின்னர் அப்பிடிமானத்தில் சர்க்கரை அமிலம், கந்தகச் சேர்க்கை போன்ற ஒன்றைக் கோத்து, நீரில் கரையும்படி செய்து அனுப்பிவிடுகிறது.

முதற்படியைச் செய்யும் நொதிக் குடும்பத்துக்குச் சைட்டோகுரோம் பி-450 என்று பெயர். 1962-ல் ஜப்பானிய விஞ்ஞானிகளான ஓமுராவும் சாட்டோவும் இதனை ஆராய்ந்து பெயரிட்டனர். கார்பன் மோனாக்ஸைடு வாயுவுடன் சேரும்போது 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியை இது உறிஞ்சுவதால் அவ்வெண் வந்தது. மனிதரிடம் இக்குடும்பத்தில் 57 வகைகள் உள்ளன.

இந்நொதிகளுக்கு நன்மை தீமை தெரியாது. வருகின்ற பொருளின் வடிவம் தமக்குப் பொருந்துகிறதா என்பது ஒன்றே அவற்றின் கணக்கு. அதனால் சில வேளைகளில் சாதுவான பொருளை ஈரலே விஷமாக்கிவிடுகிறது. வேர்க்கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஈரம் தங்கினால் பூக்கும் ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்ஸின் என்ற பொருளை உண்டாக்கும். அது முழுக் கொடுமையை அடைவது ஈரலின் நொதி அதனை மாற்றிய பிறகே. 1974-ல் இராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளத்தை உண்டு, காமாலை கண்டு, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பூத்த கடலையை வெயிலில் உலர்த்தி வறுத்துவிட்டால் தீங்கு நீங்கிவிடும் என்று எண்ணுவோர் உளர். வறுப்பதால் அந்நஞ்சு முற்றும் அழிவதில்லை. எறிந்துவிடுவதே சிக்கனம்.

இதனினும் நமக்கு நெருங்கிய உதாரணம் பாராசிட்டமால். காய்ச்சலுக்கு இதனை அறியாத வீடு இல்லை. உரிய அளவில் நல்ல மருந்து, அதில் ஐயமில்லை. உட்கொண்டதில் பெரும்பகுதியை ஈரல் சர்க்கரை அமிலத்துடனும் கந்தகச் சேர்க்கையுடனும் கோத்து, அபாயமின்றி அனுப்பிவிடும். ஒரு சிறு பகுதி மட்டும் பி-450 நொதிகளின் கையில் சிக்கிக் கடுமையான நஞ்சாக மாறுகிறது. அந்நஞ்சை அடக்குவதற்கென்றே ஈரல் குளுட்டாதயோன் என்ற பொருளைக் கையிருப்பில் வைத்திருக்கிறது. கையிருப்பு உள்ளவரை நமக்கு ஒன்றும் தெரிவதில்லை. அளவு மீறினால் நஞ்சு பெருகும், கையிருப்பு தீரும், தடுப்பாரற்ற நஞ்சு ஈரலின் அணுக்களையே பற்றிக் கொல்லும். அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் 1973-ல் இதனை விளக்கிக் காட்டினர்.

வயது வந்தவர் 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் கொள்ளலாகாது என்பது பொதுவான உச்சவரம்பு. இதனைத் தாண்டுவது கடினம் என்று தோன்றும். ஆனால் கணக்குப் பார்ப்போம். காய்ச்சலுக்கு 650 மில்லிகிராம் மாத்திரை நான்கு வேளை: 2,600. சளிக்கென்று கடையில் கேட்டு வாங்கிய வேறொரு மாத்திரையிலும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் அடங்கியிருந்து, அதை மூன்று வேளை உட்கொண்டால் 1,500. மொத்தம் 4,100. வரம்பு கடந்துவிட்டது, விழுங்கியவருக்கோ தாம் இருவேறு மருந்துகளை உட்கொண்டதாக எண்ணம்! முதுகுவலிக்கென்று விற்கும் கூட்டு மாத்திரைகள் பலவற்றிலும் இதே சரக்கு உண்டு. பெயர் பெரிய எழுத்திலும், உள்ளிருப்பது எறும்பு எழுத்திலும் அச்சிடப்படுவதை என்னவென்று சொல்வது? நாள்தோறும் குடிப்பவர்க்கும், பட்டினியால் மெலிந்தவர்க்கும் கையிருப்புக் குறைவாதலால் வரம்பும் குறைவு. குழந்தைகளுக்கு எடையைக் கொண்டே அளவு.

அளவு பெரிதும் மீறியவர்க்கு முதல் நாள் குமட்டலுக்கு மேல் ஒன்றும் தோன்றாமலிருக்கலாம். ஈரல் கெடுவது இரண்டாம், மூன்றாம் நாளில் வெளிப்படும். அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து தீர்ந்துபோன கையிருப்பை நிரப்ப உதவுவது. எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் அநேகமாக ஈரலைக் காத்துவிடும். ஆதலால் நோவு வரட்டும் என்று வீட்டில் காத்திருத்தல் ஆகாது.

எல்லாருடைய ஈரலும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை. இதனைத் தெளிவுபடுத்திய ஆராய்ச்சிகளில் சென்னைக்குச் சிறப்பான பங்கு உண்டு. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருத்துவ ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. ஏழை நோயாளியை வீட்டிலேயே வைத்து மருந்து கொடுத்தாலும் சானடோரியத்துக்கு நிகராகக் குணமடைவார் என்று 1959-ல் உலகுக்கு உணர்த்திய நிலையம் அது. காசநோய்க்குரிய ஐஸோநயாஸிட் மருந்தை ஈரலிலுள்ள வேறொரு நொதி செயலிழக்கச் செய்கிறது. பிறவியிலேயே சிலருக்கு அந்நொதி வேகமானது, சிலருக்கு மந்தமானது. வாரம் ஒரே முறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமானவர்களுக்குப் பலன் குறைந்ததை அந்நிலையத்தார் கண்டனர். மந்தமானவர்களுக்கு மருந்து உடலில் நெடுநேரம் தங்கும். கைகால் மரத்துப்போகும் துன்பமும் அவர்களுக்கே அதிகம். அதனைத் தடுக்கவே பைரிடாக்ஸின் என்ற வைட்டமினும் உடன் தரப்படுகிறது. அண்டை வீட்டாருக்கு ஒத்துக்கொண்ட மருந்து நமக்கும் அப்படியே ஒத்துக்கொள்ளும் என்று கொள்வதற்கில்லை.

கொலஸ்ட்ரால் விஷயத்திலும் ஈரலே முதலாளி. அது நெய்யிலிருந்து மட்டும் வருவதன்று. ஈரல் தானே தயாரிக்கிறது. மிகுதியானதைப் பித்த அமிலமாக மாற்றிக் குடலுக்குள் விடுவதும் ஈரலே. அவ்விதம் மாற்றும் ஒரு முக்கிய நொதியும் பி-450 குடும்பத்தைச் சேர்ந்தது. ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ 1973-ல் ஒரு நீலப் பூஞ்சணத்திலிருந்து, கொலஸ்ட்ரால் தயாரிக்கும் நொதியை மறிக்கும் பொருளைக் கண்டார். இன்று பலர் இரவில் உட்கொள்ளும் ஸ்டாட்டின் மாத்திரைகளின் முன்னோடி அது. அவற்றுள் ஸிம்வாஸ்டாட்டின் என்பதைச் சிதைக்கும் நொதியைக் கிளாரித்ரோமைஸின் என்ற கிருமிக்கொல்லி மருந்து முடக்கிவிடும். இரண்டையும் சேர்த்து உண்டவருக்கு ஸ்டாட்டின் இரத்தத்தில் தேங்கித் தசைகள் சிதைவதுண்டு. தொண்டைப் புண்ணுக்குச் சென்றவர், வைத்தியரிடம் கொலஸ்ட்ரால் மாத்திரையைப் பற்றிச் சொல்லாமல் வருவதால் நேரும் விபத்து இது.

சூரணமும் கஷாயமும் இயற்கையாதலால் இக்கணக்கில் சேரா என்பது நம்மவரிடையே வேரூன்றிய எண்ணம். ஈரலுக்கு அந்த வேற்றுமை தெரியாது. திரிகடுகத்திலுள்ள மிளகுக்கும் திப்பிலிக்கும் காரம் தருவது பைப்பரைன். மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தணித்து, அவற்றை உடலில் மிகுதியாகத் தங்கச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு. ஜம்மு ஆராய்ச்சிக்கூடத்தார் இதனை ஆராய்ந்ததன் பயனாக, பைப்பரைன் சேர்த்து ரிஃபாம்பிஸின் அளவைக் குறைத்த காசநோய் மாத்திரை ஒன்று 2009-ல் நம் நாட்டில் அங்கீகாரம் பெற்றது. ரசத்தில் போடும் மிளகுக்காக அஞ்ச வேண்டியதில்லை. வலிப்புக்கோ, இரத்தம் உறையாமலிருக்கவோ நாள்தோறும் மருந்து உண்பவர், கரண்டி கரண்டியாகத் திரிகடுகச் சூரணம் கொள்ளுமுன் வைத்தியரைக் கேட்பது அவசியம்.

வடக்கே வாழும் நமக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. திப்பிலி என்றால் இங்குள்ள டாக்டருக்கு விளங்காது. ஆகவே மாத்திரை அட்டைகளுடன் இப்பெயர்களையும் ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு செல்லலாம்: திப்பிலி இங்கே பீப்லி, சுக்கு, சோண்ட், மிளகு, காலி மிர்ச், அதிமதுரம், முலேட்டி, சீந்தில், கிலோய், நிலவேம்பு, காலமேக், காமாலைக்கு அரைத்துக் கொடுக்கும் நம் கீழாநெல்லி, பூமி ஆம்லா.