டிபிஎம் 2.0 இல்லாத லேப்டாப்புல விண்டோஸ் 11: உண்மையில எங்க மாட்டுது?

மேசையில இருக்கிற இந்த லேப்டாப், பீடோங் பக்கத்துல தோட்டத்துல இருக்கிற எங்க அத்தையோடது. 2020-ல எம்.சி.ஓ. ஊரடங்கு நேரம், பிள்ளையோட ஆன்லைன் வகுப்புக்காக சுங்கை பட்டாணியில செகண்ட்ஹேண்டா வாங்குனாங்க. நாலாவது தலைமுறை ஐ5, எட்டு ஜிபி ரேம். பழைய ஹார்ட்டிஸ்க்கைக் கழட்டிட்டு எஸ்எஸ்டி போட்டு விட்டது நான்தான். நல்லா ஓடிக்கிட்டு இருந்துச்சு. 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிஞ்சதும், "அப்ப இது இரும்புக் கடைக்குத்தானா?"ன்னு கேட்டாங்க.

விண்டோஸ் 11 என்ன கேட்குது? இன்டெல்னா எட்டாவது தலைமுறை இல்லாட்டி அதுக்கு மேல, செக்யூர் பூட், டிபிஎம் 2.0. டிபிஎம்ங்கிறது கணினியோட ரகசியச் சாவிகளைப் பூட்டி வைக்கிற சின்னப் பெட்டகம். நம்ம மெஷின்ல இருக்கிறது பழைய 1.2. இந்த சிப்பு செய்ற இன்ஃபினியனுக்கு நம்ம கூலிம்லயே ஃபேக்டரி இருக்கே, ஒண்ணு வாங்கி ஒட்டிடலாமான்னு கேட்காதீங்க. அங்க செய்றது பவர் சிப்பு.

ரூஃபஸ்னு ஒரு இலவச மென்பொருள். பென்டிரைவ் தயார் பண்றப்போ, டிபிஎம், செக்யூர் பூட் சோதனைகளை நீக்கவான்னு அதுவே கேட்கும். டிக் பண்ணுங்க, வாசல்ல நிக்கிற காவல்காரர் போயிடுவார். எல்லா வீடியோவும் இதோட முடிஞ்சிடுது. எனக்கு மூணு ராத்திரி போனது இதுக்கு அப்புறம்தான்.

முதல் ராத்திரி, பாதி இன்ஸ்டால்ல நின்னு போச்சு. 7000டி-ன்னு முடியுற எர்ரர். "பழைய பிராசசர், அதான்"னு நானே தீர்ப்பு சொல்லிட்டேன். தப்பு. தோட்டத்துல போன் ஹாட்ஸ்பாட்ல, மழையில லைன் விட்டு விட்டு, 5 ஜிபிக்கு மேல இருக்கிற ஐஎஸ்ஓ ஃபைலை இறக்கியிருந்தேன். அது கெட்டுப் போயிருந்துச்சு. மைக்ரோசாஃப்ட் டவுன்லோட் பக்கத்துலயே ஒவ்வொரு ஃபைலுக்கும் நீளமா ஒரு ஹாஷ் எண் போட்டிருப்பாங்க. உங்க ஃபைலோட ஹாஷ் அதோட ஒரு எழுத்து மாறினாலும் தூக்கிப் போட்டுட்டு, டவுன்ல யார் வீட்டு வைஃபையிலாவது மறுபடி இறக்குங்க. ஹாஷ் பார்க்கிற கட்டளையைக் கீழே விளக்கத்துல போட்டிருக்கேன்.

ரெண்டாவது ராத்திரி, மறுபடி தயார் பண்ணின பென்டிரைவே கண்ணுக்குத் தெரியல. பயோஸ்ல பூட் மோட் லெகசியில இருந்துச்சு. இந்தத் தடவை ரூஃபஸ் செஞ்சது யுஇஎஃப்ஐ பென்டிரைவ். யுஇஎஃப்ஐக்கு மாத்தினேன், தெரிஞ்சுது. உடனே அடுத்த மறுப்பு: எஸ்எஸ்டி எம்பிஆர் முறையில இருக்கு, ஜிபிடி வேணும்னு. அந்தத் திரையிலேயே பழைய பார்ட்டிஷன் எல்லாத்தையும் அழிச்சிட்டா, இன்ஸ்டாலரே ஜிபிடியா போட்டுக்கும். எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான். அத்தையோட கோயில் திருவிழா படங்களை முதல்லயே வேற டிரைவ்ல எடுத்து வச்சிருந்தேன், இல்லாட்டி நான் அந்த வீட்டுப் பக்கம் போக முடியாது.

மூணாவது, வைஃபை டிரைவர் இல்ல. போனை கேபிள்ல செருகி யுஎஸ்பி டெதரிங் போட்டேன், ஓடிடுச்சு.

இதுல எதுக்காவது லேப்டாப்போட வயசு காரணமா? இல்ல. ஆனா நிஜமான சுவர் ஒண்ணு இருக்கு. 24எச்2 பதிப்புலேர்ந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுன்ட்னு சில கட்டளைகள் பிராசசருக்குள்ளேயே இருக்கணும். கோர் 2 டுயோவுல அது கிடையாது. எந்த டிக் போட்டாலும் பூட்டே ஆகாது. அந்த மாதிரி மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் போட்டுடுங்க, நான் அப்படித்தான் செய்வேன்.

மாசாமாசம் பாதுகாப்பு அப்டேட் இப்போதைக்கு வருது. எப்பவும் வரும்னு மைக்ரோசாஃப்ட் உறுதி கொடுக்கல. வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற பெரிய பதிப்பு தானா வராது, திரும்ப ரூஃபஸ்தான். பேங்க் வேலையை இதுல செய்யாதீங்கன்னு பிள்ளைகிட்ட சொல்லி வச்சிருக்கேன்.

அத்தைக்கு ஒரே குறைதான்: "ஸ்டார்ட் பட்டன் ஏண்டா நடுவுல போய் உட்கார்ந்திருக்கு?" டாஸ்க்பார்ல ரைட் கிளிக், டாஸ்க்பார் செட்டிங்ஸ், கீழே அலைன்மென்ட்ல லெஃப்ட்.