பழஞ்சேலைப் போர்வை

வெயிலுக்குப் பெயர்போன விருதுநகர்ச் சீமையிலே போர்வையைப் பற்றி எழுதப் புகுவது சிலருக்கு நகைப்பை விளைவிக்கலாம். சிவகாசியில் பட்டாசு காய்வதற்கும் சாத்தூரில் மிளகாய் காய்வதற்கும் துணை நிற்கும் வெயிலில், போர்த்திக்கொள்வோர் யார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் நம் வீட்டில் பழஞ்சேலைகளை அடுக்கித் தைத்த போர்வை, மேலே போர்த்துவதைக் காட்டிலும் கீழே விரிப்பதற்கே மிகுதியும் பயன்பட்டு வந்தது. கயிற்றுக் கட்டிலின் கயிறு முதியவர் முதுகில் உறுத்தாமல் இருக்க அது வேண்டும். பிள்ளை பெற்றவளுக்கும் கைக்குழந்தைக்கும் அதைவிட மெத்தென்ற விரிப்பு வேறில்லை. மார்கழிப் பனியில் மட்டும் அது கீழிருந்து மேலே ஏறும்.

இக்கைவேலையை நாம் கற்றது நம் பாட்டியாரிடம். அவர் எழுத்தறியாதவர். ஆயினும் துணியை இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்துப் பார்த்து, அது எண்பதாம் நம்பர் நூலா, அறுபதாம் நம்பர் நூலா என்று சொல்லிவிடுவார். கிழிந்த சேலையை அவர் ஒருநாளும் எறிந்ததில்லை. முந்தி நைந்தால் உடல் உதவும். உடல் நைந்தால் கரை உதவும் என்பது அவர் கணக்கு. கந்தையையும் கசக்கிக் கட்டவேண்டும் என்பது முதியோர் மொழி. கட்ட முடியாத நிலைக்கு அது வந்தபின் என்ன செய்வது என்பதற்குப் பாட்டியாரின் ஊசி விடை கூறியது.

பெட்டியில் உள்ளவை

நம்மிடம் ஒரு தகரப் பெட்டி உண்டு. அதைத் திறந்தால் நம் மாவட்டத்தையே மடித்து வைத்தாற்போலத் தோன்றும். அருப்புக்கோட்டைத் தறியில் நெய்த அரக்குக் கரைச் சேலை ஒன்று. சுந்தரபாண்டியத்துச் சேலையின் முந்தி ஒன்று. இராஜபாளையத்துத் தையற்கடையில் கேட்டு வாங்கிய வெட்டுத் துணிகள் ஒரு கட்டு. சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவக் கட்டுத்துணி ஒரு சுருள். சிவகாசி அச்சகம் ஒன்றில் நெடுநாள் பணியாற்றிய உறவினர் ஒருவரின் வேட்டியும் இருக்கிறது. அதன் ஓரத்தில் நீல மையும் சிவப்பு மையும் படிந்த கறை எத்தனை முறை துவைத்தும் போகவில்லை. அக்கறையை வெட்டி எறிய நமக்கு மனம் வரவில்லை.

துணி சேர்ப்பதில் உள்ள இன்பம் அனுபவித்தோருக்கே தெரியும். திருமண வீட்டிலும் நம் கண் மணமக்களைப் பார்க்குமுன் சேலைக் கரைகளைப் பார்த்துவிடும். உறவினர் வீட்டில் பழைய சேலை தரை துடைக்கப் போகிறது என்றறிந்தால், கேட்டு வாங்காமல் திரும்ப முடிவதில்லை. சேர்த்த துணி அனைத்தையும் தைத்து முடிக்க இன்னொரு பிறவி வேண்டும் என்று வீட்டார் கேலி செய்கின்றனர். அதில் உண்மையும் இல்லாமலில்லை. சில நாட்களில் ஊசியைத் தொடுவதே இல்லை. பெட்டியைத் திறந்து, மஞ்சளுக்கு அருகே பச்சையை வைத்தும், பச்சைக்கு அருகே கருநீலத்தை வைத்தும் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்து வைத்துவிடுகிறோம். அவ்வளவிலேயே மாலைப்பொழுது இனிமையாகக் கழிந்துவிடுகிறது.

தைக்கும் முறை

முறை எளியது. ஐந்தரை மீட்டர்ச் சேலையை மூன்றாக மடித்தால் ஏறக்குறைய ஆறடி நீளமும் நான்கடி அகலமும் உள்ள மூன்றடுக்கு கிடைக்கும். ஒருவர் படுக்க இது போதும். விரிப்புக்கு ஐந்தாறு அடுக்கு வேண்டும் என்றால் இன்னொரு சேலையைச் சேர்க்கலாம். மிக நைந்த துணியை நடுவில் வைப்பது வழக்கம். சத்திரப்பட்டிக் கட்டுத்துணி போன்ற இழை விலகிய நெசவு மேலே நிற்காது. உள்ளே வைத்தால் காற்றைப் பிடித்துக்கொண்டு மென்மை தரும். மேலடுக்கில்தான் வெட்டுத் துணிகளை நம் விருப்பம்போல் ஒட்டித் தைக்கிறோம். அடுக்குகள் நழுவாதபடி முதலில் பெரிய தையலாக இட்டுக்கொண்டு, பின்னர் ஓரத்திலிருந்து வரிசை வரிசையாக ஓட்டுத் தையல் போட்டு வரவேண்டும். வரிசைக்கு வரிசை அரை விரற்கடை இடைவெளி இருந்தால் போர்வை பல்லாண்டு உழைக்கும்.

புதுத்துணியைச் சேர்ப்பதாயின் ஓரிரவு நீரில் ஊறவைத்து, கஞ்சியைப் போக்கி, சுருங்கவேண்டிய அளவு சுருங்கவிட்டே சேர்க்கவேண்டும். இல்லையேல் முதல் சலவையில் புதியது சுருங்கும், பழையது சுருங்காது, போர்வை முழுவதும் கொப்புளித்தாற்போல் ஆகிவிடும்.

ஒரு நஷ்டம்

இவ்விதிகளுள் ஒன்றை ஒருமுறை நாம் மீறினோம். நம் அன்னையார் மறைந்தபின் அவருடைய இரண்டு வெண்ணிறச் சேலைகள் நம்மிடம் வந்தன. அவற்றுள் ஒன்றை எடுத்துப் போர்வை தைக்கத் தொடங்கினோம். வெண்மையை எடுத்துக்காட்டச் சுற்றிலும் சிவப்புக் கரை இருந்தால் அழகாயிருக்கும் என்று தோன்றியது. சந்தையில் மலிவாகக் கிடைத்த சிவப்புத் துணி இரண்டு மீட்டர் வாங்கினோம். கடைக்காரர் சாயம் போகாது என்று உறுதி கூறினார். நாமும் நனைத்துப் பார்க்கவில்லை. நான்கு மாத மாலைப்பொழுதுகளை அப்போர்வை வாங்கிக்கொண்டது. முதன்முறை துவைத்த அன்று வாளித்தண்ணீர் குங்குமம் கரைத்தாற்போலாயிற்று. கொடியில் விரித்துப் பார்த்தபோது அன்னையாரின் சேலையில் வெண்மை என்று சொல்ல ஒரு சாண் இடமும் இல்லை.

அந்தச் சிவப்புத் துணி தன்னளவில் கெட்டுவிடவில்லை என்பதே இதில் கவனிக்கத்தக்கது. அது சற்று வெளுத்ததோடு சரி. கெட்டவை எல்லாம் அதனருகே இருந்த நல்ல துணிகளே. சங்கம் நடத்துவோர் இதனை நன்கு அறிவர். ஓர் அங்கத்தினர் நூலைக் குறைத்தோ சாயத்தில் சிக்கனம் செய்தோ நெய்த சேலை, சங்கத்தின் முத்திரையோடு வெளியே போகிறது. பெயர் கெடுவது அவருக்கு மட்டுமா? அருகிலுள்ள நூறு தறிகளுக்கும் அன்றோ?

பிற இடங்களில்

பழந்துணியை அடுக்கித் தைக்கும் வழக்கம் நம்மோடு நிற்பதன்று. வங்காளத்தில் பழஞ்சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலைக் கொண்டே பூவும் மீனும் தேரும் தைப்பார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். நாம் கந்தை என்று இகழும் சொல்லும் அவர்கள் காந்தா என்று போற்றும் சொல்லும் ஒரே மூலத்தன. பீகாரில் முசாப்பர்பூர் மாவட்டத்துப் பூசுரா கிராமப் பெண்கள் இதனைச் சுஜனி என்கின்றனர். இவ்விரு வேலைப்பாடுகளும் புவிசார் குறியீடு பெற்றுள்ளன.

கருநாடகத்தில் வடகன்னட மாவட்டத்தின் எல்லாப்பூர், ஹளியால், முண்டகோடு வட்டாரங்களில் சித்தி மக்கள் வாழ்கின்றனர்; பல நூற்றாண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அப்பெண்கள் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவில் வந்து முடிப்பது அவர்கள் முறை. முடித்தபின் நான்கு மூலைகளிலும் மடித்த துணியால் சிறு பூ வைப்பார்கள். அப்பூ இல்லாத போர்வை ஆடையின்றி நிற்பது போன்றது என்பது அவர்கள் கருத்து. 2004ஆம் ஆண்டில் அப்பெண்கள் தம்முள் ஒரு கூட்டுறவு அமைப்பை ஏற்படுத்திக்கொண்டனர். 2011இல் அவர்களுடைய போர்வைகள் நியூயார்க் நகரில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

கூட்டுறவாளர் அனைவரும் அறியவேண்டிய வரலாறு அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உண்டு. அங்கு வில்காக்ஸ் வட்டாரம் பருத்தி விளையும் பூமி. நிலத்தை வாரத்துக்கு உழுது வாழ்ந்த கறுப்பினக் குடும்பங்களின் பெண்கள், கிழிந்த வேலையுடைகளையும் மாவுச் சாக்குகளையும் வெட்டிப் போர்வை தைத்துக் குளிரைத் தாங்கினர். 1966இல் அவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதன் பெயர் ‘சுதந்திரப் போர்வைத் தையற் குழு’ என்று பொருள்படும். வாக்காளராகப் பதிவு செய்துகொண்ட குற்றத்துக்காக நிலச்சொந்தக்காரர்களால் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் சிலவற்றுக்கு, இச்சங்கம் வாங்கிய நிலத்தில் மனை கிடைத்தது. ஊசியால் சம்பாதித்த நிலம் அது.

1972இல் சியர்ஸ் என்னும் பெரிய வணிக நிறுவனத்துக்குக் கார்டுராய்த் துணியில் தலையணை உறை தைத்துக் கொடுக்கும் வேலை அச்சங்கத்துக்கு வந்தது. நூற்றுக்கணக்கில் ஒரேமாதிரி தைக்கும் வேலை. கூலி நிச்சயம், ஆனால் கைக்கு விருப்பம் என்ற ஒன்றுக்கு அங்கே இடமில்லை. அவ்வுறைகள் வெட்டியபின் எஞ்சிய துணுக்குகளை அப்பெண்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்று தமக்குப் பிடித்தவாறு போர்வை தைத்தனர். 2002இல் ஹூஸ்டன் நகர நுண்கலை அருங்காட்சியகம் அவ்வட்டாரத்து ஜீஸ் பெண்ட் கிராமப் பெண்களின் போர்வைகளைச் சுவரில் தொங்கவிட்டபோது, அக்கார்டுராய்ப் போர்வைகளும் புகழ்பெற்றன. 2006இல் அமெரிக்க அஞ்சல் துறை அக்கிராமத்துப் போர்வைகளைத் தபால் தலைகளில் அச்சிட்டது. சங்கம் 2012இல் மூடப்பட்டுவிட்டது. அது தந்த மனைகளும் போர்வைகளும் எஞ்சின. கூலிக்குத் தைத்தது வயிற்றைக் காத்தது. மனத்துக்குத் தைத்தது பெயரைக் காத்தது. இரண்டும் ஒரே துணியிலிருந்து வந்தன.

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும்

போர்வை தைப்பவரின் பொழுதுபோக்கில் நமக்கென்ன என்று நம் அங்கத்தினர் எண்ணலாகாது. துணியின் முதல் நாளைக் கடைக்காரர் அறிவார். உடுத்தும் நாட்களை உடுத்துவோர் அறிவார். இருபது ஆண்டுக்குப்பின் அத்துணி எப்படியிருக்கும் என்பதைப் போர்வை தைப்பவரே அறிவார். பாவில் இழை குறைந்த துணி ஊசி குத்திய இடத்தில் விலகிவிடும். ஊடையை நெருக்கி அடிக்காத சேலை மடித்த மடிப்பிலேயே கிழியும். வாட் சாயம் இட்ட நூல் நூறு சலவைக்குப்பின்னும் தன் நிறத்தோடு நிற்கும். நெசவாளர் நேர்மையாக நெய்தாரா என்பது அவரே மறந்துபோன காலத்தில் நம் தகரப் பெட்டியில் தெரிந்துவிடுகிறது.

பருத்தி பயிரிடுவோருக்கும் இதில் பங்குண்டு. மழையை நம்பிக் கரிசலில் விளைந்த கருங்கண்ணிப் பருத்தியின் இழை குட்டை. மெல்லிய சேலைக்கு அது ஏற்றதன்று. ஆனால் அதில் நெய்த முரட்டுத் துணி போர்வையின் உள்ளடுக்காக நின்று உழைப்பதில் அதற்கு நிகர் குறைவு. சென்ற அரை நூற்றாண்டில் செயற்கை இழைச் சேலைகள் வீடுதோறும் புகுந்தன. அவை கிழிவதில்லை என்பது உண்மை. அவை வியர்வையை உறிஞ்சுவதில்லை என்பதும், குழந்தைக்குத் தூளி கட்டவும் விரிக்கவும் உதவுவதில்லை என்பதும் அதே அளவு உண்மை. பட்டாசு ஆலைகளில் வேலை செய்வோர் செயற்கை இழை உடையைத் தவிர்த்துப் பருத்தியே உடுத்தவேண்டும் என்பது பாதுகாப்பு முறை. செயற்கை இழை உராயும்போது பிறக்கும் மின்பொறி மருந்தில் பட்டால் உயிரே போகும். ஆகவே நம் மாவட்டத்தில் பருத்தித் துணி உயிர்க்காப்பும் ஆகும்.

துணி பருத்தியா அல்லவா என்பதை அறிய நம் ஊர்ச் சரக்கான தீக்குச்சியே போதும். ஓரத்திலிருந்து இரண்டு இழைகளை உருவி, ஒரு தட்டின்மேல் பிடித்துக் கொளுத்துக. காகிதம் எரியும் மணத்தோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியாக உருண்டால் செயற்கை இழை.

நம் சங்கங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. தறியில் பழுதான துண்டுகளையும், அளவு போதாத வெட்டுத் துணிகளையும் மொத்தமாகக் கழிவாகத் தள்ளிவிடாமல், நிறம் பிரித்து எடைக்கணக்கில் அங்கத்தினர் வீட்டுப் பெண்களுக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு கட்டிலும் நூல் நம்பரையும் சாயத்தின் வகையையும் எழுதிய சீட்டு ஒன்று இருக்கட்டும். அதில் தைப்பதை விற்பதோ, வீட்டில் விரிப்பதோ அவரவர் விருப்பம். எல்லாவற்றையும் விற்றேயாகவேண்டும் என்று கட்டளையிட்டால் கூலி மிஞ்சும். கைக்குள்ள களிப்பு மிஞ்சாது.

சிவப்பேறிய அப்போர்வையை நாம் எறியவில்லை. பத்து ஆண்டுகளாக அதன்மீதே படுக்கிறோம். சலவைக்குச் சலவை அச்சிவப்பு வெளுத்து, இப்போது விடியற்கால வானத்தின் நிறத்துக்கு வந்திருக்கிறது. அன்னையாரின் இரண்டாவது சேலை இத்தனை காலமும் பெட்டியின் அடியில் வெட்டப்படாமல் கிடந்தது. சென்ற வாரம் அதனை வெளியே எடுத்தோம். அரக்குக் கரைத் துணியின் மூலையை நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தித் தேய்த்தோம். ஒரு துளி நிறமும் ஒட்டவில்லை. அருப்புக்கோட்டையில் யாரோ ஒரு நெசவாளர் முப்பது ஆண்டுகளுக்கு முன் சாய நூலில் சிக்கனம் செய்யாமல் நெய்த சேலை அது. அவரை நாம் கண்டதில்லை. அவர் கைத்துணியை நம்பி ஊசியில் நூல் கோத்துவிட்டோம்.